அம்மா கார்ப்பெட் கழுவப் போன கதை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் இடது முழங்காலைத் தவிர. அங்கே நீயும் உன் வேலையும் அந்தக் குளிரும் ஒருவரை ஒருவர் அனுசரித்துப் போகிறீர்கள் என்று நம்புகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ முடித்துவிடுகிறாய், பெரும்பாலும் தப்பாக முடிக்கிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. தவிர, நான் போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்து அறையில் இருப்பாள், நம் வீட்டுச் சுவரின் லட்சணம் உனக்குத் தெரியும். இன்று எனக்கு லீவு, அவள் ஒரு வக்கீல் வீட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறாள், வர சாயங்காலம் ஆகும். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

அம்மா கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழில் ஆரம்பித்த விஷயத்தில் உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நீ கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் வேலை பார்த்த இன்சூரன்ஸ் ஆபீசில் புகார்ப் பிரிவை மூடிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் அவள் உட்கார்ந்து 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று சொன்ன நாற்காலிக்குப் பதிலாக இப்போது ஒரு பதிவு செய்த குரல் இருக்கிறது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது, வருத்தம் எல்லாம் படுவதில்லை. உன் அம்மாவுக்கு வேறு ஊரில் பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை தருவதாக மேனேஜர் கடைசி நாள் விருந்தில் கேக் வெட்டும்போது சொன்னாராம். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேக்கைச் சாப்பிட்டிருக்கிறாள். அந்த வாரக் கடைசியில் புகார்ப் பிரிவு இருந்த மாடியை வேறு யாருக்கோ வாடகைக்கு விடுவதற்காகச் சுத்தம் பண்ண ஒருவர் மெஷினோடு வந்தார். அவர் ஜன்னல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாராம். சாம்பல் நிறத் தரையில் ஒரு பச்சைப் பட்டை விழுந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு பட்டை. மத்தியானத்துக்குள் மாடி முழுக்கப் பச்சை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள், "இத்தனை வருஷமா பச்சைத் தரையில நடந்திருக்கேன், எனக்கே தெரியலை பாருங்க." நான் அப்படியா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நான் கார்ப்பெட் கழுவப் போறேன்" என்றாள். நம் வீட்டுக் கார்ப்பெட்டைத்தான் சொல்கிறாளாக்கும் என்று நான் காலைத் தூக்கிக்கொண்டேன்.

மெஷினோடு வந்தவருக்கு முதுகு வலி, தொழிலை விடும் யோசனையில் இருந்தார். அவருடைய மெஷினையும் பழைய வேனையும் அவளே வாங்கிக்கொண்டாள். சில வாரம் அவர் கூடவே போய் வேலையும் பழகினாள். மெஷின் இப்போது நம் வீட்டு நடையில் நிற்கிறது. அதற்கு நான் சம்பந்தி என்று பேர் வைத்திருக்கிறேன். வந்ததும் பெரிய சத்தம் போடும், தண்ணீர் நிறையக் குடிக்கும், அது இருக்கும் இடத்தை விட்டு நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும். நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளாததால் வீட்டுக்குச் சம்பந்தி இல்லையே என்ற குறை ஒருவாறு தீர்ந்தது. உன் அத்தை நேரில் வந்து பார்த்துவிட்டு, என் தங்கை என்பதால் கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்று முன்னுரை சொல்லி, "அண்ணி, நீங்க படிச்ச படிப்புக்கு ஊரார் வீட்டுத் தரையைத் தேய்க்கணுமா?" என்று கேட்டாள். உன் அம்மா, "தேய்க்கக் கூடாது, தேய்ச்சா நூல் பிரிஞ்சிடும்" என்று பதில் சொன்னாள். அத்தை உண்மையாகவே அந்தச் சந்தேகத்தைத்தான் கேட்கிறாள் என்று உன் அம்மா நினைத்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அடுத்து நீ. அவளே ஆசையாக உனக்குப் போன் பண்ணிச் சொன்ன அன்றைக்கு நானும் பக்கத்தில் இருந்தேன். "நான்தான் சம்பாதிக்கிறேனேம்மா, நீ ஏன் அடுத்தவங்க அழுக்கைத் துடைக்கணும், உங்கம்மா என்ன பண்றாங்கன்னு இங்க யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது" என்று நீ கேட்டாய். அவள், "சரிப்பா, ஸ்வெட்டர் போட்டுக்கறியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். வைத்த பிறகு சம்பந்தியின் குழாயைத் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்த குழாய்.

நான் நில அளவை ஆபீசில் வரைபடம் போடுகிறவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு உதவியாள். என் வேலை, நாற்காலி மேசையை நகர்த்துவதற்கு முன் எது எங்கே இருந்தது என்று வரைந்துகொள்வது. வேலை முடிந்ததும் ஒரு விரற்கடை பிசகாமல் திருப்பி வைத்துவிடுவேன். இதை யாரும் இதுவரை பாராட்டியதில்லை, சரியாக இருப்பதை யார் கவனிக்கிறார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பல் டாக்டரம்மா வீட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, சம்பந்தியை நானும் அவளும் தூக்கிக்கொண்டு ஏறியதை விவரிக்க விரும்பவில்லை. கூடத்தில் ஒரு கம்பளி விரிப்பு, நடுவில் நல்ல சிவப்பு, சுற்றிலும் பால் நிறத்தில் அகலமான கரை. சாயம் போகுமா என்று முதலில் ஒரு ஓரத்தில் ஈரத் துணியை வைத்துப் பார்க்க வேண்டும், அது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. உன் அம்மா பார்த்தாள். ஆனால் பால் நிறக் கரையில் வைத்துப் பார்த்தாள், நடுச் சிவப்பில் வைத்துப் பார்க்கவில்லை. வெந்நீர் பட்டதும் சிவப்பு மெல்ல நகர்ந்து கரைக்குள் வர ஆரம்பித்தது. நான் வரைபடம் போடுகிறவன், ஒரு எல்லைக்கோடு கண்ணெதிரே இடம்பெயர்வதை அன்றுதான் பார்த்தேன்.

டாக்டரம்மா உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது, விரிப்பைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று. அதைக் காதோடு சொல்லவும் சொன்னேன். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு மெஷினை அணைத்துவிட்டு நேரே உள்ளே போய், ஒரு நிமிஷம் வந்து பாருங்க என்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தம்மா பார்த்தார். அதற்கப்புறம் அவர் பேசியது கீழ் மாடிகளுக்கும் கேட்டிருக்கும். "வேலை தெரியுமா, தெரியாதா உங்களுக்கு? தெரியாத வேலைக்கு எதுக்கு வர்றீங்க?" என்றார். உன் அம்மா அந்தப் பழைய புகார்ப் பிரிவுக் குரலில் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "முழுசா தெரியலைங்க. சிவப்புலயும் வெச்சுப் பாத்திருக்கணும், பாக்கலை, அது என் தப்பு. இதை எடுத்துட்டுப் போய் முடிஞ்ச வரைக்கும் சரி பண்ணிக் கொண்டு வர்றேன்" என்றாள். சொல்லிவிட்டு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

ஈர விரிப்பைச் சுருட்டி வேனில் போட்டோம். நான் ஓட்டினேன். பாதி வழியில் அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, "பையன் சொன்னதுதான் சரியோ" என்றாள். கேள்வியாகக்கூடச் சொல்லவில்லை. இண்டிகேட்டரைப் போட்டேன். அங்கே திரும்புவதற்குத் தெரு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த முதுகு வலிக்காரருக்குப் போன் பண்ணினாள். அவர், "காய விட்டுடாதீங்கம்மா, காஞ்சா போச்சு. பச்சைத் தண்ணி, கொஞ்சம் வினிகர், வெள்ளைத் துணி. தேய்க்காம ஒத்தி ஒத்தி எடுங்க, பொறுமையா" என்றார். பால்கனியில் விரிப்பைப் போட்டு இரண்டு பேரும் மண்டியிட்டு ஒற்றி எடுக்க ஆரம்பித்தோம். வீட்டில் இருந்த வெள்ளைத் துண்டெல்லாம் முதல் நாளே தீர்ந்துவிட்டது, பிறகு தலையணை உறை, பிறகு என் பனியன்கள். ஆபீசுக்கு நான் இப்போது இளஞ்சிவப்பு பனியன்தான் போட்டுக்கொண்டு போகிறேன், சட்டைக்கு உள்ளே என்பதால் பதவி உயர்வுக்குப் பாதகம் இல்லை. மறுநாள் நான் அவளிடம், எதற்கு இந்தப் பாடு, அந்தம்மாவுக்கு நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு மெஷினையும் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம், உன் முழங்காலைப் பார் என்றேன். அவள் நிமிரவே இல்லை. "இத்தனை வருஷம் யார் யாரோ பண்ணின தப்புக்கெல்லாம் நான் வருந்துகிறோம் வருந்துகிறோம்னு சொல்லியிருக்கேன். ஒரு தடவைகூட அதுல ஒண்ணையாவது என் கையால சரி பண்ண விட்டதில்லை. இது நானே பண்ணின தப்பு. இதையாவது சரி பண்ணிப் பாக்கறேன், விடுங்க" என்றாள். நான் உள்ளே போய் இன்னொரு பனியன் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் முழுக்க அதே வேலை. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது, ஒரே ஒரு மூலையைத் தவிர. அந்த மூலை ரோஜா நிறத்திலேயே நின்றுவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி மூன்று மாடி ஏறினோம். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாருடைய வாயையோ பார்ப்பது போலக் குனிந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "இந்த மூலையில இன்னும் இருக்கே" என்றார். உன் அம்மா, "ஆமாங்க, அது போகலை, இனிமேயும் போகாது" என்றாள். அந்தம்மா கொஞ்ச நேரம் அந்த மூலையையே பார்த்துவிட்டு, "சரி, பீரோவுக்கு அடியில போயிடும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். நன்றி இல்லை, இன்னொரு தடவை திட்டவும் இல்லை. கூலி கேட்க எங்களுக்கும் வாய் வரவில்லை.

இரண்டாவது மாடியில் இறங்கும்போது ஒரு கதவு திறந்தது. பெரியவர் ஒருவர், ஒரு காலத்தில் கால்பந்து ரெஃப்ரீயாக இருந்தவராம், அதனாலோ என்னவோ கையை நீட்டி எங்களை நிறுத்தினார். "போன வாரம் மேல அவ்வளவு திட்டு வாங்கினது நீங்கதானே?" என்று கேட்டார். உன் அம்மா ஆமாம் என்றாள். "நானா இருந்தா இந்தத் தெருப் பக்கமே வந்திருக்க மாட்டேன். நீங்க திரும்பி வந்திருக்கீங்க. எங்க வீட்லயும் ஒரு கார்ப்பெட் இருக்கு, வந்து பாக்கறீங்களா?" என்றார். அவள் படியிலேயே நின்று, "என்ன நிறம்?" என்று கேட்டாள். நீல நிறமாம். உள்ளே போய் நடுவில், ஓரத்தில், பூ வேலையில், ஒரு நிறம் விடாமல் ஈரத் துணியை வைத்து வைத்துப் பார்த்தாள். ரெஃப்ரீ பொறுமை இழந்து மணியைப் பார்த்தார், இவள் அசையவே இல்லை.

அங்கிருந்துதான் வேலை பிடித்தது. அந்தக் கட்டடத்தில் திட்டுச் சத்தம் கேட்ட வீடுகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டன, அதைவிட நல்ல விளம்பரம் செய்திருக்க முடியாது. டாக்டரம்மா மட்டும் இதுவரை கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டார். புகார்ப் பிரிவில் உன் அம்மாவுக்குப் பக்கத்து மேசையில் இருந்த, நீ சின்ன வயசில் ஹலோ ஆன்ட்டி என்று கூப்பிடுவாயே, அவளும் இப்போது கூடச் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் வேனில் போகும்போது யாரிடமும் வருந்தாமல் சத்தமாகச் சிரித்துக்கொண்டு போகிறார்கள் என்று கேள்வி. உன் அத்தைகூடப் போன் பண்ணி, தன் வீட்டு விருந்தினர் அறையில் ஒரு கார்ப்பெட் இருப்பதாகவும் சொந்தக்காரர்கள் என்றால் கொஞ்சம் பார்த்துச் செய்ய வேண்டும் என்றும் சொன்னாள். உன் அம்மா அவளை வரிசையில் போட்டிருக்கிறாள். வரிசை நீளம்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். நீ மோசமான பையன் இல்லை. அன்றைக்கு நீ பேசியதில் அம்மா கஷ்டப்படுகிறாளே என்ற கவலை கொஞ்சம் இருந்தது, உன் கௌரவம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். அவளுக்கு உன் மேல் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கவலை. கோபம் என்றால் இரண்டு நாளில் தீரும். அவள் உன்னிடம் தன் வேலையைப் பற்றிப் பேசாமலிருக்கப் பழகிக்கொண்டாள். நாள் முழுக்க நடந்ததை என்னிடம் ஒரு மூச்சில் சொல்லிக்கொண்டிருப்பாள், உன் போன் வந்ததும் நிறுத்திவிட்டு, அங்கே மழையா என்று கேட்பாள். நீயும் மழை என்பாய். உங்கள் ஊரில் எப்போது மழை, எப்போது வெயில் என்பது எனக்கு இப்போது மனப்பாடம்.

போன வாரம் நீ வீடியோவில் வந்தபோது உனக்குப் பின்னால், ஜன்னலுக்குக் கீழே, உன் அறைக் கார்ப்பெட்டில் ஒரு பெரிய பழுப்புக் கறை தெரிந்தது. காபியாக இருக்கும். அவள் அதைப் பார்த்தாள், அவள் பார்த்ததை நான் பார்த்தேன். நீ பேசி முடிக்கும் வரை அதன் மேலேயே கண் இருந்தது, வாயைத் திறக்கவில்லை. போனை வைத்துவிட்டு, "புதுக்கறைதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவ்வளவு கஷ்டப்பட்டு அவள் எதையும் அடக்கி நான் பார்த்ததில்லை.

ஆகவே நீ அவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அதை எழுதி வைத்துப் படிக்கிற மாதிரிச் சொல்வாய். அந்தக் கறையை எப்படி எடுப்பது என்று கேள். அவள் முதலில் என்ன கார்ப்பெட், கம்பளியா நைலானா என்பாள், தெரியாது என்று சொல், பின்னால் திருப்பிப் பார்க்கச் சொல்வாள், பார். நீளமாகப் பேசுவாள். குறுக்கே பேசாதே.

வேளா வேளைக்குச் சாப்பிடு. வேலையில் நல்ல பேரெடுத்து நீண்ட ஆயுளோடு இரு. ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள், போன் பண்ணுவதற்கு முன்னால் நீயாக எதையாவது ஊற்றித் தேய்த்து அந்தக் கறையைப் போக்கிவிடாதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
(ஞாயிறு மட்டும் உதவியாள்)