ஸலாத்துக்குக் கை தூக்காதீர்கள்

இனாயாவின் வாப்பாவுக்கு, ஸலாம்.

வீடியோவில் இருந்தது நீங்கள், மகள் இனாயா, சைக்கிள் கடை நிஸ்தார் காக்கா. மூவரையும் சுகமாகக் கண்டேன், அல்ஹம்துலில்லாஹ். தோஹாவில் நானும் சுகம்.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க எடுத்த, மோட்டார் பூட்டிய மூன்று சில்லு சைக்கிளில் வாவிக்கரை ரோட்டில் இருந்துகொண்டு, "தலைசுத்து வந்தாலும் இதில விழமாட்டன் புள்ள" என்றீர்கள். அப்போது யாரோ ஸலாம் சொன்னார். பதிலுக்குக் கை தூக்கினீர்கள். பிரேக்கிலிருந்து கை விட்டுப்போயிற்று. பெடலில் கால் அழுத்த, மோட்டார் தண்ணிப் பக்கம் தள்ளியது. "வாப்பா, பிரேக்கப் புடிங்க!" என்று இனாயா கத்திய பிறகுதான் பிடித்து நிறுத்தினீர்கள். நிஸ்தார் காக்கா, "மீன் புடிக்கவா போறீங்க?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுவிய கோப்பை கையிலிருந்து நழுவிவிட்டது.

போனில் சொன்னால் பேச்சை மாற்றுவீர்கள். அதனால் ஊருக்கு வரும் பஹீமாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அந்தச் சைக்கிள் வேண்டாம். நிஸ்தார் காக்காவின் கடையில் இருக்கும், ஆசனம் தாழப் பதிந்த, நிறுத்தினால் பிரேக்கைப் பூட்டிவைக்கக்கூடிய மற்றதை எடுங்கள். விலை கூடினால் என் கணக்கில் சமாளிப்பேன். ஸலாத்துக்கு வாயால் பதில் சொன்னாலே போதும், அல்லாஹ் ஏற்றுக்கொள்வான்.

பிரேக் பூட்டும் சத்தத்தை வொய்ஸில் அனுப்புங்கள். உங்கள் குரலும் அதில் இருக்கட்டும். வேலை வீட்டு மேடம் கூப்பிடுகிறார். எதை எடுத்தீர்கள் என்று கெதியாகப் பதில் போடுங்கள். 

ஸாலிஹா