வேப்பமரத்து வண்டுக்கு உன் பேர்

விளக்குப் போட்ட நேரத்தில் ஒரு வண்டு டியூப்லைட்டில் மோதி, என் சாம்பார்க் கிண்ணத்தில் விழுந்ததடி. நேற்றைய மழைக்கு மண்ணிலிருந்து கிளம்பிவிட்டது. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. உன் வண்டு வந்துவிட்டது, நீ இல்லை.

மண்ணாடிப்பட்டுப் பக்கம் விளைச்சலில் பங்கு தருவதாய் நாம் இருவரும் சேர்ந்து வாரத்துக்கு எடுத்த மேட்டு நிலம் ஞாபகம் இருக்கிறதா? இதென்ன கேள்வி, உனக்கா மறக்கும்! மழையை நம்பிய அந்தக் கொல்லையில் வண்டுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் நீ பேர் வைத்தாய். பயற்றில் பூவை மட்டும் தேடித் தின்னும் கோடு போட்ட வண்டு, புது மாப்பிள்ளை. தொட்டதும் செத்ததுபோல் விழுந்து கிடக்கும் சாம்பல் வண்டு, உன் மாமியார். "வேலைன்னு சொன்னா போதும், அப்பிடியே சாஞ்சிடும்" என்பாய். வேப்பிலை தின்னும் இந்தப் பழுப்பு வண்டுக்கு மட்டும் உன் பேரையே வைத்தாய். "கசப்புன்னு எதையாவது வுடுதா பாரு. நான்தான்டி இது."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

தையில் நீ போய்ச் சேர்ந்தாய். மாசியில் பயறு பூத்தபோது வண்டு மருந்துக்கு வில்லியனூர் உரக்கடையில் போய் நின்றேன். "இன்னா வண்டும்மா?" என்றார் கடைக்காரர். "புது மாப்ள" என்று சொல்லிவிட்டேன். கடையே சிரித்தது. வேறு பேர் எனக்குத் தெரிந்தால்தானே? உன்மேல் அப்படி ஒரு கோபம். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

இன்றைக்கும் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். இந்த வண்டுகளை இப்போது பிடிக்காவிட்டால் மண்ணில் முட்டையிடும், ஆடியில் விதைக்கும் மல்லாட்டைக் கடலைச் செடியின் வேரைப் புழு தின்றுவிடும். போன வருஷம் நீ படுத்துவிட்டாய், மரத்தை யாரும் உலுக்கவில்லை, பாதிக் கொல்லை காய்ந்தது. "இன்னொரு தடவ இப்பிடி ஆனா வேற ஆளுக்கு வுட்டுடுவேன்" என்று நிலக்காரர் சொல்லிவிட்டார். நீ தொரட்டியால் கிளையை உலுக்குவாய். நான் கீழே புடவை விரித்து, விழுந்ததை மண்ணெண்ணெய்த் தண்ணீரில் கொட்டுவேன். ஒற்றை ஆளாய் எப்படி? அதுவும் உன் பேர் வைத்த வண்டை?

ஆனாலும் கொல்லை வேப்பமரத்தடிக்குப் போனேன். புடவையின் நான்கு முனையிலும் கல் வைத்தேன். உலுக்கினேன். பொலபொலவென்று கொட்டின. வாளியில் அள்ளிப் போடப் போட, வாய் தானாக உன் பேரைச் சொல்லித் திட்டியது. "ஏன்டி போன? என்னத் தனியா வுட்டுட்டு ஏன்டி போன?"

பக்கத்துக் கொல்லைக்காரர் டார்ச் அடித்தார். "தனியா நின்னுக்கினு யாரத் திட்ற?"

"வண்டத்தான்" என்றேன்.

பொய் இல்லையே. நாளைக்கும் வரும். தொரட்டியை வாசலிலேயே சாத்தி வைத்திருக்கிறேன்.