ஸனிய்யா நடித்த படம்

1985 ஆகஸ்ட் 29, வியாழன்

அலெக்சாந்திரியா நகரத்தின் சார்பாகவும், அதன் கடலில் நீந்தும் அத்தனை மீன்களின் சார்பாகவும், ஷெஹாத்தா ஆகிய நான் சத்தியம் செய்து சொல்கிறேன்: இந்த நோட்டில் எழுதப்போவதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். என் மனைவி ஸனிய்யா சினிமாவில் நடித்துவிட்டாள். இறந்துபோய் இருபத்தேழாம் நாள்.

லபீப்தான் இழுத்துக்கொண்டு போனான். முடி வெட்டுகிறவன், நாற்பது வருஷமாக என் தலையையும் என் பொய்களையும் சேர்த்துப் பராமரிப்பவன். "வீட்டுக்குள்ளேயே கெடந்து பூஞ்சை பிடிக்கப் போறே, எந்திரிடா" என்றான். பெருநாளுக்கு வந்த படம். பெயர் ‘வீட்டுக்காரி தூங்கியாச்சா?’ கல்யாணம் சலித்துப்போன மூன்று பேர், பெண்டாட்டிகளிடம் பொய் சொல்லிவிட்டு ஊர் சுற்றுகிறார்கள். கதை அவ்வளவுதான். அரங்கத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

கடற்கரைச் சாலைக் காட்சி. குண்டு நடிகர் ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். அவர் முதுகுக்குப் பின்னால், சுவரோரமாக, நீலத் தலைத்துணி. கையில் கொய்யாப்பழப் பை. வலது செருப்பு மட்டும் ஒரு அளவு பெரிது என்பதுபோல இழுத்து இழுத்து ஒரு நடை. முப்பத்துநாலு வருஷம் அந்தச் செருப்புச் சத்தத்தைப் படிக்கட்டில் கேட்டவன் நான். எட்டு நொடி. குண்டு நடிகர் கடலில் விழுந்தார், கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று சிரித்தது, அவள் மறைந்துவிட்டாள்.

லபீபிடம் சொன்னேன். "போன மாசம் உங்க கொள்ளுத்தாத்தா நெப்போலியனுக்குச் சீட்டாடக் கத்துக்குடுத்தார்னு சொன்னவன்தானே நீ?" என்றான்.

நியாயம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மூன்று காட்சி பார்த்தேன். அவளேதான்.

போன அக்டோபர் அது. அந்தப் படப்பிடிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நானும் அங்கேதான் இருந்தேன். ஸனிய்யாவிடம் பல் பிடுங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, லபீபோடு காப்பிக் கடை நாற்காலியில் உட்கார்ந்து நடிகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், "பல்லு எங்கே?" என்று கேட்டாள். அப்பேர்ப்பட்ட பல்லை இதுவரை பார்த்ததில்லை என்று டாக்டர் கண்கலங்கிவிட்டார், அருங்காட்சியகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார், பதில் வரும்வரை வாயிலேயே பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார் என்றேன். அவள் சாப்பாட்டுத் தட்டை வைத்தாள்.

மேஜையில் கொய்யாப்பழம் இருந்தது. ஏதென்று கேட்டேன். "வாசல்ல வித்துட்டுப் போனான்" என்றாள். நாங்கள் இருப்பது நாலாவது மாடி.

இன்று திரையில் அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடுகிறாள். யாரை? வேறு யாரை!

அந்த முகத்தில் என்ன இருந்தது? கோபமா? அது எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் அந்த இடம் வரும்போதெல்லாம் என் கண் நிரம்பிவிடுகிறது, துடைப்பதற்குள் முன்வரிசைக்காரன் எழுந்து நின்றுவிடுகிறான். படம் பிடிக்க ஒருநாளும் சம்மதிக்காதவள். அடையாள அட்டையில் ஒரே ஒரு படம் இருக்கிறது, திருடிப் பிடிபட்டவள் மாதிரி முழித்துக்கொண்டு. அசைகிற ஸனிய்யா உலகத்திலேயே இங்கே மட்டும்தான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

தியேட்டர் மேலாளர் முதவல்லி சொன்னார்: "கூட்டமே இல்ல மாமா. நாளைக்குப் படத்தத் தூக்கிடுவோம்."

தூக்குவதா!

நேராகக் காப்பிக் கடைக்குப் போனேன். நாற்காலியில் ஏறவில்லை, அவ்வளவுதான். மற்றபடி அது பிரசங்கமேதான். "தணிக்கை அதிகாரி ரெண்டு பேர் அந்தக் கடற்கரைக் காட்சியப் பாத்துட்டு மயக்கம் போட்டு விழுந்தானுங்க. ஒருத்தன் இன்னும் எந்திரிக்கல. பெய்ரூத்ல ஒரு தடவதான் காட்டினானாம், மறுநாள் ஊர்ல ஒரு ஆம்பளகூட வீடு திரும்பல!" பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர், "அது மட்டமான படம், நான் பாத்தாச்சு" என்றார். "நீங்க பாத்தது வெட்டின பிரதி, ஐயா. முழுசும் இங்க மட்டும்தான் ஓடுது" என்றேன். அவரே மாலைக் காட்சிக்கு எனக்கு முன்னால் வரிசையில் நின்றார்.

செப்டம்பர் 2, திங்கள்

படம் மாறவில்லை. தெருவரை வரிசை. நெப்போலியனுக்குச் சீட்டாட மட்டும் அல்ல, போர் செய்யவும் நான் கற்றுக்கொடுத்திருப்பேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஆறாவது தடவை. இன்று கண் கலங்கவில்லை. ஆனால் முன்வரிசையில் ஒட்டகம் ஒன்று தொப்பி போட்டு, திரையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

செப்டம்பர் 4, புதன்

மகள் இன்ஸாஃப் வந்தாள். கறுப்புத் துணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அம்மா போய் நாப்பது நாள் ஆகல. வீட்ல ரேடியோகூட வைக்காம இருக்கோம். நீங்க கொட்டகையில போய், பொண்டாட்டிய ஏமாத்துறவனப் பாத்துச் சிரிச்சுட்டு இருக்கீங்களா?"

"சிரிக்கலம்மா."

"ஊரு பூரா சொல்லுது, அப்பா! தெனம் போறீங்களாம். மத்தவங்களையும் கூட்டிட்டுப் போறீங்களாம். அம்மா இருக்கையிலயும் வீடு தங்கல, இப்பவுமா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்: "அதுல உங்கம்மா வர்றா."

என்னையே பார்த்தாள். பிறகு மிகவும் மெதுவாக, "இதுலயுமா பொய் சொல்வீங்க?" என்றாள்.

கொண்டுவந்த சோற்றுப் பாத்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தப்பு அவள் பேரில் இல்லை. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நிலாவுக்குச் சொந்தக்காரன் நான்தான், வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்று சொல்லி வளர்த்தேன். இன்றைக்கு ஒரு உண்மை சொன்னால் எங்கே போய் அது நிற்கும்?

செப்டம்பர் 6, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அறுநூறு பெண்கள் செருப்பும் கையுமாகத் தியேட்டரைச் சூழ்ந்தார்கள்.

சரி, பதினோரு பெண்கள். செருப்பு காலில்தான் இருந்தது. லபீபின் மனைவி ஃபிக்ரிய்யா முன்னால் நின்றாள். முதவல்லி, "வெறும் தமாஷுக்குத்தாம்மா. உங்கள்லயே நாலு பேரு வந்து சிரிச்சுட்டுப் போனாங்களே" என்று கைகூப்பினார். ஒருத்தி, "நான் சிரிச்சேன்தான், சிரிப்பு வந்துச்சு, அதுக்கு என்ன?" என்றாள். மற்றவர்கள் அவளை முறைத்தார்கள்.

ஃபிக்ரிய்யா சத்தம் போடவில்லை. "வீட்டுக்காரி தூங்கியாச்சான்னு பேரு வச்சிருக்கீங்க. நாங்க எங்க தூங்கினோம்? இவனுங்க சொன்ன பொய் ஒவ்வொண்ணும் தெரியும். தெரிஞ்சுதான் சோறு போட்டோம். அத வச்சு ஊரே சிரிக்கணுமா?" என்றாள்.

லபீப் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். நான் அதற்கடுத்த தூணில்.

செப்டம்பர் 7, சனி

வெட்டிவிட்டார்கள்.

படத்தை நிறுத்தவில்லை, பெண்களைச் சமாதானப்படுத்த ஒரு காட்சியை மட்டும் எடுத்துவிட்டார்கள். எதை? தணிக்கைக்காரனே மயங்கி விழுந்தான் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்களே, அந்தக் கடற்கரைக் காட்சியை. குண்டு நடிகர் ஓட ஆரம்பிக்கிறார், அடுத்த நொடி சொட்டச் சொட்ட வீட்டில் நிற்கிறார். நடுவில் ஒன்றுமில்லை.

முதவல்லியிடம் கெஞ்சினேன். "வெட்டின துண்டு?" "கம்பெனி ஆளு கெய்ரோவுக்கு எடுத்துட்டுப் போயிட்டான், மாமா. அந்தக் காட்சியில அப்படி என்ன இருந்துச்சுன்னே எனக்குப் புரியல. ஒருத்தன் தண்ணியில விழுவான், அவ்வளவுதானே?"

அவ்வளவுதான்.

நானே, என் வாயாலேயே— டேய் கிழவா, உனக்கு வாய் எதுக்குடா?

செப்டம்பர் 8, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

படம் மாறிவிட்டது. கராத்தே.

செப்டம்பர் 11, புதன்

நாற்பதாம் நாள். கப்ருஸ்தானில் அவள் கல்லறையருகே ஓதிவிட்டு, அவள் பேரில் பழமும் ரொட்டியும் கொடுத்தோம். இன்ஸாஃப் கூடையைத் திறந்தாள். எல்லாம் கொய்யா.

கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு பழத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"வியாழக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போனேன்" என்றாள். "உங்களக் கையோட பிடிச்சு இழுத்துட்டு வரலாம்னுதான் போனேன். நீங்க மூணாவது வரிசையில இருந்தீங்க. நான் கடைசியில நின்னேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"பாத்தேன்ப்பா. அந்த நீலத் துணி நான் வாங்கிக் குடுத்தது."

"முகம்? முகம் எப்படி இருந்துச்சு?"

"தேடிட்டே வந்தாங்க. அப்புறம் இந்தப் பக்கம் திரும்பி, யாரையோ பாத்துட்டாங்க. பாத்துட்டுச் சிரிச்சாங்க. தலைய ஆட்டிட்டு, கூப்பிடாமலே போயிட்டாங்க."

"சிரிச்சாளா? நிஜமா?"

"நிஜமாத்தான்."

என் மகள் பிறந்ததிலிருந்து பொய் சொன்னதில்லை. அதில் அப்படியே அவள் அம்மா. ஆனால் இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, பழத்தைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். இனி கேட்க மாட்டேன். நிலாவை அவள் நம்பினாள் அல்லவா, நான் இதை நம்பிக்கொள்கிறேன்.

பழத்தை என் கையில் வைத்தாள். நன்றாகக் கனிந்து, விரலால் அழுத்தினால் உள்ளே போகிற பழம். "அம்மாவும் படம் பிடிச்ச அன்னிக்கு இந்த மாதிரி கனிஞ்சதாத்தான் வாங்கிட்டு வந்தாங்களாம். கொழகொழன்னு இருக்கே ஏம்மான்னு மறுநாள் கேட்டேன். உங்கப்பாவுக்குப் பல்லு வலி, கடிக்க முடியாதுன்னாங்க."

ஸனிய்யா, அந்த டாக்டர் பொய். அருங்காட்சியகம் பொய். நெப்போலியனும் தணிக்கைக்காரனும் பொய், உனக்கே தெரியும். ஆனால் அன்றைக்குக் கீழ்வரிசையில் இடது பக்கம், கடைசிப் பல், அது நிஜமாகவே வலித்தது.