அண்ணன் எழுதிய எண்கள்

சுவா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சேரெய்மா அண்ணிக்கு,

லோசலினி எழுதுவது. நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய தேங்காய் வந்து சேர்ந்தது. இங்கே ஒரு வாரமாக மழை, துணி காயவில்லை. இப்படியே எழுதிக்கொண்டு போனால் சொல்லவந்ததைச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிடுவேன். என் சங்கதி உங்களுக்குத் தெரியும்.

மீன்குஞ்சு எங்கே பெருகுகிறது என்று நான் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதற்காக, அண்ணன் நம் ஊர்க் கடலில் பன்னிரண்டு இடத்தில் தண்ணீர் பிடித்து, பாட்டிலில் எண் எழுதி அனுப்பினார். இரண்டாம் இடம் என்று சொன்னேன். ஊர் அங்கே மீன் பிடிக்கத் தடை போட்டது. போன வாரம் போன் செய்து, இல்லை, குஞ்சுகள் இருப்பது பத்தாம் இடத்தில், அங்கே வலை போடாதீர்கள் என்றேன். அப்போது நீங்கள் கேட்டீர்கள்: "ஏன் லோசா, உங்க அண்ணன் நம்பரை மாத்தி எழுதிட்டாரோ? கேக்கச் சொல்லிப் பக்கத்துலயே நிக்கிறாரு." நான் "இருக்கலாம் அண்ணி" என்றேன்.

அது பொய். அண்ணன் எழுதிய எண்களில் ஒரு பிசகும் இல்லை.

கம்ப்யூட்டர் கோப்புகளை, பெயரில் உள்ள எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்து அடுக்கும். 1-க்கு அடுத்து 10, 11, 12, அதற்கப்புறம்தான் 2. அந்த வரிசையில் வந்த முடிவுகளை, ஒழுங்காக எண்ணி வைத்திருந்த இடங்களுக்குப் பக்கத்தில் அப்படியே ஒட்டிவிட்டேன். பத்தாம் இடத்துக் குஞ்சுகள் இரண்டாம் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. ஒற்றை எண்ணுக்கு முன்னால் சுழியம் போடுங்கள் என்று மாணவர்களுக்கு வேலைக்குறிப்பு எழுதுகிறவளே நான்தான். அதற்கு உதாரணம் காட்ட நம் ஊர்க் கோப்பைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. ஊருக்கு உபதேசம் செய்கிற லட்சணம் இது.

முன்பு, தடையை மீறி இரண்டாம் இடத்தில் வலை போட்டான் என்று நம் ஊர் இசிகேலியை ஊர்க் கூட்டத்தின் நடுவே தலைகுனிய வைத்தீர்கள். நேற்று அவன் மனைவி வசிதி போன் செய்தாள். "ஊர்க் கூட்டத்துல உங்க அண்ணன் எழுந்து, தப்பு என்மேலதான், நான்தான் நம்பரை மாத்தி எழுதிட்டேன்னு சொல்லி, கவா வேரை முன்னால வச்சு முறைப்படி எங்க வீட்டுக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. இந்த மனுசனுக்கு ஒண்ணு ரெண்டுகூட எழுதத் தெரியாதான்னு பசங்க சிரிக்குதுங்க" என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நம் வழக்கப்படி, வளர்ந்தபின் அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவதில்லை. இத்தனை வருடம் எங்கள் நடுவே வாயும் காதும் நீங்கள்தான். அந்த வழக்கத்துக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொண்டேன். அவரே கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்க ஆசைதான். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது அண்ணி.

சனிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டிய கவா வேரை நானே சுமந்து வருவேன். இசிகேலியிடமும் ஊரிடமும் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணனிடம் மட்டும் இதைப் படித்துக் காட்டிவிடாதீர்கள். வழக்கத்தை மீறி அவர் எதிரில் உட்கார்ந்து நானே சொல்ல வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டாம், என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். நான் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாமல் இருந்தால் போதும். நீங்கள் கொஞ்சம் கதவருகே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்,
லோசலினி