அணைத்த அடுப்பின் படங்கள்

மார்ச் 3, செவ்வாய்
பயிற்சி மையத்து டீச்சர் பாப்பாவுக்கு ஒரு டேப்லெட் கொடுத்துவிட்டுப் போனார். இருபத்துமூன்று வயதாகியும், ஒரு வேலையைத் தொடங்கினால் அடுத்து என்ன செய்வது என்பது என் மகளுக்கு மனதில் நிற்பதில்லை. இது படம் காட்டி, குரல் கொடுத்து, ஒவ்வொன்றாகச் சொல்லுமாம். முதல் பாடம் டீ போடுவது. கடைசியில் அடுப்பை அணைத்து, அதைப் படம் எடுக்க வேண்டும். எதற்குப் படம்? யார் பார்க்க? நான் அதைத் தொடப் போவதில்லை.

மார்ச் 5, வியாழன்
பிரார்த்தனை முடித்து எழுந்து வந்தால் அடுப்பு எரிகிறது. மேலே ஒன்றுமில்லை. வீட்டில் நடப்பதையெல்லாம் நான் எழுதிவைக்கும் நோட்டில் குறித்தேன்: "காலை 9.10. அடுப்பு எரிந்தது. பாப்பா."

மார்ச் 9, திங்கள்
மறுபடியும். கேட்டால், "அணைச்சேம்மா" என்கிறாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அந்தக் கருவிதான் எதற்கெடுத்தாலும் 'சபாஷ்' சொல்லிக் கெடுக்கிறதோ? பாப்பாவின் அப்பா சிரிக்கிறார்: "உன் நோட்டுக்குப் போட்டியா ஒண்ணு வந்துருச்சுன்னு உனக்கு வயித்தெரிச்சல்." சிரிக்கட்டும். வீடு பற்றிக்கொண்டால் தெரியும்.

மார்ச் 12, வியாழன்
நேற்றும் இன்றும். ஆக நான்கு.

மார்ச் 14, சனி
டீச்சருக்குப் போன் செய்தேன். "வெள்ளிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. இனிமே அவ அடுப்புப் பக்கமே வர வேண்டாம்." பாப்பா கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு டீ யாரும்மா போடுவா?" நான் போனை வைத்தேன். மாலை முழுக்க டேப்லெட்டில் அந்த டீ பாடத்தைக் குரல் மட்டும் ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச் 20, வெள்ளி
டீச்சர் வந்ததும் நோட்டை நீட்டினேன். தேதி, நேரம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அவர் வாதாடவில்லை. "அக்கா, அந்தந்த நாள் படத்தையும் பாத்துடலாமா?"

நான்கு நாளுக்கும் படம். 7.40, 7.42, 7.38, 7.45. நான்கிலும் அடுப்பு அணைந்திருக்கிறது. நேரத்தை அதுவே மாற்றிப் போட்டிருக்காதா என்றுகூடக் கேட்டேன். ஒரு படத்தின் ஓரத்தில் எங்கள் சுவர்க் கடிகாரம். அதிலும் 7.38.

அதற்குப் பிறகு அடுப்பைத் தொடுவது யார்? எட்டரைக்கு வெந்நீர் வைப்பவள் நான். பாத்திரத்தை இறக்கிவிட்டு நேரே பிரார்த்தனைக்கு உட்காருகிறவளும் நான்.

கடவுளே — அங்கே தீ எரிய எரிய, இங்கே கண்ணை மூடிக்கொண்டு உன்னிடம் என்ன கேட்டேன்? அவளைப் பத்திரமாப் பாத்துக்கோன்னுதானே?

டேப்லெட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

மார்ச் 21, சனி
நோட்டில் நான்கு இடத்திலும் 'பாப்பா'வை அடித்துவிட்டு 'நான்' என்று எழுதினேன். அவளிடமும் சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டேப்லெட்டை என் கையில் திணித்தாள்: "வெந்நீர் எறக்கிட்டு நீயும் படம் எடும்மா. அப்புறமாப் போய் சாமி கும்பிடு."

எடுத்தேன். அவசரத்தில் டேப்லெட்டை ஆட்டிவிட்டேன், படம் மங்கலாக விழுந்தது.

"இது சரியில்ல. இன்னொண்ணு எடு" என்றாள்.