வேகமான நெட்டும் முதல் அடியும்

7 ஜூன், சனி

வெயில். மாலையில் மேகம் கூடிவந்து ஏமாற்றிவிட்டுப் போயிற்று. கூழ் ஆலைக்குப் போகும் மாங்காய் லாரிகள் எங்கள் தெருமுனை வரை வரிசை. வீடெல்லாம் அந்த வாசனைதான்.

ஏழு மணிக்கு வீடியோவில் குடும்ப ஜெபம். வேலூரிலிருந்து தங்கை கிரேஸ், நாயுடுபேட்டையிலிருந்து தம்பி சாமுவேல். பாட்டின் முதல் அடியை நான் எடுத்துக் கொடுப்பது, மற்றவர்கள் கூடப் பாடுவது. அதுதான் வழக்கம். இன்று பாதியில் கிரேஸ் நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, நீ இழுத்துக்கினே போற. நாங்க முடிச்சிட்டு உக்காந்துக்கினு கீறோம்."

நான் இழுக்கவில்லை. எங்கள் அப்பா, நைனா, கண்ணை மூடிய நாளிலிருந்து இந்தக் குடும்பத்தில் முதல் அடி என்னுடையது. யாரிடமும் படித்ததில்லை. காதால் கேட்டுக் கேட்டுப் பிடித்த பாட்டு. தாளம் தப்பியது என்று ஒருவரும் சொன்னதில்லை. இது நெட் கோளாறு. அப்படியே சொன்னேன்.

சாமுவேல்: "அப்படின்னா மேல கொஞ்சம் கட்டி ஃபாஸ்ட் நெட் போடு. இல்லன்னா அடுத்த வாரத்துலருந்து நான் எடுத்துக் குடுக்கறேன். எங்க நெட்டு பறக்குது."

நெட் பறக்கும். குரல்? சளி பிடித்த லாரி ஹாரன்.

எஸ்தர் என் மனைவியாக இருந்தும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்தாள்.

8 ஜூன், ஞாயிறு

சர்ச். கீபோர்டும் டிரம்ஸும் வந்த பிறகு அங்கே முதல் அடி என்று ஒன்றே கிடையாது. கேட்டால், "ரெஸ்ட் எடுங்க ஐயா" என்கிறார்கள். எதற்கு ரெஸ்ட்? எனக்கு மிஞ்சியிருப்பது சனிக்கிழமை மட்டும். அதைச் சாமுவேலுக்குக் கொடுப்பதாக இல்லை.

மதியம் கோழிக் குழம்பு. நல்ல தூக்கம்.

9 ஜூன், திங்கள்

வாங்க: புளி, கொசுவத்தி, எ.வுக்கு முட்டிவலித் தைலம்.

கேபிள்காரன் முனிரத்னம் வந்தான். பேச்சில் பாதி தெலுங்கு; நான் அவனுக்குப் பெத்தநைனா, அதாவது பெரியப்பா. "பெத்தநைனா, இப்போ உங்களுக்குக் கீறது பழைய பிளான். மாசம் கொஞ்சம் சேத்துக் கட்டுனா ஸ்பீடு மூணு மடங்கு."

எதிர்வீட்டில் போன வாரம் அதே ஸ்பீடை என் பழைய விலைக்குப் போட்டாயே, அது எப்படி என்றேன்.

"அது ஆஃபர். புதுசா சேர்றவங்களுக்குத்தான். பழைய கஸ்டமருக்கு லேது."

வருஷக்கணக்காக ஒரு மாதம் தவறாமல் கட்டியவனுக்கு லேது. நேற்று வந்தவனுக்கு விருந்து. செத்தாலும் மேலே ஒரு ரூபாய் கட்ட மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். டீ குடித்துவிட்டுத்தான் போனான். எ. போட்டுக் கொடுத்த டீ.

தைலம் மறந்துவிட்டேன்.

10 ஜூன், செவ்வாய்

அனல்.

கட்டினால்: சாமுவேல் வாய் மூடும். எ.வின் தையல் வீடியோ சுற்றாமல் ஓடும். முதல் அடி என்னிடமே இருக்கும்.

கட்டாவிட்டால்: மானம்.

எ. எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள். "மானத்த வச்சிக்கினு சனிக்கிழம இன்னா பண்ணப் போறீங்க? தம்பி பின்னாடி பாடுவீங்களா?"

சாப்பாடு இறங்கவில்லை. இரண்டே தோசை. பிறகு ஒரு மாம்பழம். இன்னொன்றும்.

11 ஜூன், புதன்

பல் விளக்கும்போது உதித்தது. பழைய இணைப்பை வெட்டுவது. எ. பெயரில் புதிதாக ஒன்று எடுப்பது. அவள் புதிதாகச் சேர்கிறவள்தானே! விலை அதே, ஸ்பீடு மூன்று மடங்கு. நுரையோடு ஓடிப்போய் முனிரத்னத்துக்குப் போன் செய்தேன். நேரில் வந்து தலையைச் சொறிந்தான்.

"ஒரே வீடு, பெத்தநைனா."

"வீடு ஒண்ணு. ஆதார் ரெண்டு."

சிரித்துவிட்டான். ஒப்புக்கொண்டான். இந்த முறை டீ நான் போட்டேன்.

13 ஜூன், வெள்ளி

மழை! பத்து நிமிஷம்தான், ஆனாலும் மழை.

புது ஒயர், புதுப் பெட்டி. ஓ.டி.பி. எ. போனுக்கு வந்தது. பாஸ்வேர்டும் அவளே வைத்தாள். என்ன என்று கேட்டேன்.

"கஸ்டமர் நான்தானே? போனக் குடுங்க, நான் போட்டுத் தர்றேன்."

போட்டாள். என் பழைய போன் புதுப் பெட்டியைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. நாளைக்கு அவள் போனில்தான் ஜெபம்.

தைலம் வாங்கியாயிற்று.

14 ஜூன், சனி

வெயில் தணிந்திருக்கிறது. ஏழு மணிக்கு எல்லாரும் வந்தாயிற்று. முகங்கள் பளிச்சென்று. சாமுவேலின் நரைத்த மீசை வரை தெரிகிறது. அவன் மை அடிப்பதை நிறுத்திவிட்டான் போல.

நான் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கிரேஸ், "அண்ணி, உங்க பேர்ல நெட்டாமே! இன்னைக்கு நீங்களே எடுத்துக் குடுங்க" என்றாள். எ. என்னைப் பார்த்தாள். அந்தப் பக்கம் சாமுவேல் கனைக்க ஆரம்பித்திருந்தான். அவன் பாடுவதற்கு இவள் பாடுவதே மேல். பாடு என்று கையைக் காட்டினேன்.

சுருதியைச் சற்று மேலே எடுத்தாள். இத்தனை வருஷம் என் பக்கத்தில் முணுமுணுத்தவள், இவ்வளவு குரலை எங்கே வைத்திருந்தாள்? நான் கூடவே பாடினேன். மூன்று வீடும் ஒன்றாக முடித்தோம்.

"பாத்தியா அண்ணா, இன்னைக்கு ஒரு எடத்துலயும் இழுக்கல!" கிரேஸ்தான்.

நான் சொன்னது சரி. கோளாறு நெட்டில்தான் இருந்தது.

எ. நன்றாகத்தான் பாடுகிறாள். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமைப் பாட்டையும் இப்போதே எடுத்து வைத்துவிட்டாள். அது இதைவிட மேல் சுருதி. காலையில் அவள் எழுவதற்கு முன் கொஞ்சம் பழக வேண்டும்.