பத்து மடங்கு உயர்ந்த மலை

கரியாலூர்,
25.08.2024

அன்புள்ள இலக்கியா,

நானும் பிள்ளைகளும் சுகம். பெர்த்தில் இப்போது குளிர் என்கிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் அப்பா பேச்சை எடுத்தாலே "அப்புறம் பேசறேன் செல்வி" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே நல்ல மழை. பள்ளிக்கூடத்தில் என் வகுப்புக் கூரைதான் முதலில் ஒழுகுகிறது. அந்த ஈரத்துக்கு நடுவில் பிள்ளைகளுக்கு, வரைபடத்தில் மலையின் உயரத்தைக் காட்டும் சம உயரக் கோடுகள் நடத்திக்கொண்டிருக்கிறேன். காகிதத் துண்டின் ஓரத்தை வரைபடத்தின் மேல் வைத்துப் புள்ளி குறிக்கச் சொல்லும்போதெல்லாம் கள்ளக்குறிச்சியில் நாம் படித்த கல்லூரியின் செய்முறை அறை வந்து நிற்கிறது. ஜன்னலோர மேசை நம்முடையது. எல்லோரும் சார் கொடுத்த இடத்தை வரைய, நீ மட்டும் உன் ஊர் மேலீச்சங்குழியைத்தான், மலையை வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல, குறுக்குவெட்டாக வரைவேன் என்று பிடிவாதம் பிடித்தாய்.

தரையின் தூரத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்நூறு மீட்டர். உயரத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு ஐம்பதே மீட்டர். மலை விறுவிறுவென்று ஏறித் தாளின் மேல் விளிம்பில் முட்டியது. அரங்கநாதன் சார் சிரித்துவிட்டார். "ஐந்நூற ஐம்பதால வகு. இன்னா வருது? பத்து. உயரத்த பத்து மடங்கு தூக்கி வரைஞ்சிக்கீறன்னு கீழ எழுதும்மா" என்றார். நீ எழுத மாட்டேன் என்றாய். எங்கள் மலை அப்படித்தான் இருக்கும் என்று உனக்கு ஒரு கர்வம். பொங்கல் லீவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய் அந்தப் படத்தை உன் அக்கா கலையரசியிடம் காட்டினாய். சாமைச் சோறு போட்டுக்கொண்டே அவள், "இது மேல ஆடு கூட ஏறாதேடி" என்றாள். நாம் மூவரும் சிரித்ததில் எனக்குப் புரையேறி, அவள்தான் தலையில் தட்டினாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் உன் ஊரில் கூட்டம் நடந்தது. சாலை போடுவது கஷ்டம், விருப்பம் இருந்தால் ஊரையே கீழே இறக்கி வீடு கட்டித் தரலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. சாலைக்கு அளவெடுத்த பொறியாளர் தமிழழகன் சுவரில் படம் போட்டுக் காட்டினார். கரியாலூர் ரோட்டிலிருந்து உங்கள் ஊர் வரைக்குமான குறுக்குவெட்டு. சுவரில் சாய்த்து வைத்த ஏணி மாதிரி இருந்தது மலை. பாப்பாத்தி அக்கா, "இதுலயா வண்டி ஏறும்? சாவறதுக்கா?" என்றார். உன் அப்பா எழுந்து, "நான் எறங்கிடறேங்க. என் பெரியவள வயித்துப் புள்ளையோட இந்த வழியிலதான் தூக்கினு போனேன், பொணமாத்தான் கொண்டாந்தேன். இன்னொருத்தன் தூக்க வாணாம்" என்றார். இறங்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வரிசை கட்டிவிட்டார்கள்.

எனக்கு அந்தப் படம் பழக்கமான படம். எழுந்து அளவுகளைக் கேட்டேன். தமிழழகன் தயங்காமல் சொன்னார்: தூரத்துக்கு ஐந்நூறு, உயரத்துக்கு ஐம்பது. மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரிவதற்காக அப்படி வரைவது வழக்கம், சரிவைத் தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறேன், ஊர்க்காரர்கள் படத்தைப் பார்த்து மிரளுவார்கள் என்று நினைக்கவில்லை என்றார். நல்ல பிள்ளை. அவரே சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார்.

தரையில் இரண்டு படம் போட்டேன். முதலாவது சுவரில் இருந்ததேதான், பெரிதாக்கி: தாளில் ஆறு சென்டிமீட்டர் நீளம், மூன்றரைக்குச் சற்று மேல் உயரம். இரண்டாவதில் உயரத்தைப் பத்தால் வகுத்துவிட்டேன். நீளம் அதேதான், உயரம் தாளில் பென்சில் தடிமன்கூட இல்லை. மூன்று கிலோமீட்டர் போவதற்குள் நூற்றெண்பது மீட்டர் ஏற்றம், அதாவது நூறு மீட்டர் நடந்தால் ஆறு மீட்டர். நடுவில் ஒரு இடம் செங்குத்து, அங்கே வளைத்துப் போட வேண்டும் என்று தமிழழகன் சொன்னார். நாம் கரியாலூருக்கு வந்து போகும் ரோட்டை விட இது மோசமில்லை என்றதும் கூட்டத்தில் சலசலப்பு வந்தது.

உன் அப்பா மட்டும் குனிந்து அந்த இரண்டாவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்போ, அன்னிக்கு ரோடு இருந்திருந்தா, அந்த மழையிலயும் வண்டி வந்திருக்குமா டீச்சர்?"

இலக்கியா, இல்லை என்று சொன்னால் அவர் மனம் ஆறும். ஆனால் சாலை வராது. "வந்திருக்கும்ங்க" என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "விடியட்டும்னு நான்தான் நிறுத்தி வெச்சேன். வழுக்கி வுழுந்துட்டா ரெண்டு உசுருன்னு பயந்துட்டேன். என் சின்னவ கத்தினா, கேக்கல" என்றார். யாரும் அவரைத் தேற்றப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து, "ரோடுன்னு எழுதுங்க. நாங்க எங்கியும் போவல" என்று முதல் கைநாட்டு வைத்தார்.

வனத்துறை அனுமதி இன்னும் வர வேண்டும். அது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மறு அளவெடுப்பு தொடங்கிவிட்டது. புதர் வெட்டி வழிவிட உன் அப்பாதான் முன்னால் போகிறார். முட்டி வலி இருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை.

முந்தாநாள் பள்ளிக்கூடம் வந்து ஒரு பலாப்பழம் கொடுத்தார். உன்னைப் பற்றி நேராகக் கேட்க மாட்டாரே. "அந்தப் பக்கம்லாம் மேடு ஜாஸ்தியாம்மா?" என்றார். அவ்வளவாக இல்லை, சமதரைதான் என்றேன். "ஆஸ்பத்திரி கிட்டவா?" என்றார். கிட்டத்தான் என்றேன். "அப்போ சரி" என்று கிளம்பிவிட்டார்.

ஊரில் இன்னும் சிக்னல் இல்லை. அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இறங்கி வந்து கரியாலூர் பஸ் ஸ்டாப்பில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மதியம் வரை இருப்பார். அவர் நம்பர் மாறவில்லை. நீ நீடூழி வாழ வேண்டும், என் தங்கமே. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த அடுத்த ஞாயிறும் அவர் அங்கே இருப்பார்.

என்றும் உன்,
செந்தமிழ்ச்செல்வி